'பட்ஜெட்' என்ற பெயரே இவரைக் கேலி செய்து வந்ததுதான்: எம்.பி.க்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் வால்போல் கதை

பட்ஜெட் நாள் நெருங்கினால் போனைத் திறக்கவே முடியாது. வரி வரம்பு ஏறுமா, எது விலை ஏறும், எது இறங்கும் என்று நோட்டிஃபிகேஷன் குவியும். அந்த 'பட்ஜெட்' என்ற சொல் நிதி அமைச்சர்கள் யோசித்து வைத்த பெயர் இல்லை. ஒரு நிதி அமைச்சரைக் கிண்டல் செய்ய வந்த பெயர்.

பழைய ஆங்கிலத்தில் பட்ஜெட் என்றால் தோல் பை. 1733-இல் லண்டனில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. பையைத் திறந்துவிட்டார்கள் என்பதுதான் அதன் தலைப்பு. நம்ம ஊர்ச் சந்தையில் லேகியம் விற்பவர் பையை அவிழ்த்து வைத்துக்கொண்டு சர்வரோக நிவாரணி என்று கூவுவாரே, அப்படி ஒரு போலி வைத்தியராக அதில் காட்டப்பட்டவர் சர் ராபர்ட் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே வால்போல்தான். கிண்டல் காலப்போக்கில் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் அரசின் ஆண்டுக் கணக்கோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பையில் வரித் திட்டங்கள் மட்டும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பது அவருடைய எதிரிகளின் குற்றச்சாட்டு. இருபத்தோரு வருஷம் அந்தக் குற்றச்சாட்டு ஓயவில்லை. கடைசி வரை நிரூபிக்கப்படவும் இல்லை. ஏன் நிரூபிக்க முடியவில்லை?

மூத்தவர் போனார், எம்.பி. சீட் வந்தது

வால்போல் பிறந்தது 1676-இல், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹௌட்டன் என்ற ஊரில். வீட்டில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள், இவர் ஐந்தாவது. அப்பாவும் ராபர்ட் வால்போல்தான், அவரும் எம்.பி.தான். மகனைப் பாதிரியாராக்குவது குடும்பத்தின் எண்ணம். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது 1698-இல் அண்ணன் இறந்துபோனார். படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. 1700-இல் அப்பாவும் காலமானார். நிலம் வந்தது, கடன் வந்தது, கூடவே காஸில் ரைசிங் தொகுதியும் வந்தது.

தொகுதி எப்படிச் சொத்தோடு சேர்ந்து வரும்? அந்தக் காலத்துத் தொகுதிகள் அப்படித்தான். கையளவு வாக்காளர்கள் இருப்பார்கள், அவர்கள் எல்லோரும் ஒரு பெரிய குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக இருப்பார்கள். 1701-இல் அங்கிருந்து எம்.பி. ஆனவர், அடுத்த வருஷமே பக்கத்திலிருந்த துறைமுக ஊரான கிங்ஸ் லின்னுக்கு மாறினார். ஒரே ஓர் இடைவெளி தவிர, அடுத்த நாற்பது வருஷமும் அதுதான் அவர் தொகுதி.

அந்த இடைவெளிக்குக் காரணம் ஜெயில்.

ஆயிரம் கின்னி கேஸ்

1708-இல் போர்ச் செயலர் பதவி, 1710-இல் கடற்படைப் பொருளாளர் பதவி என்று விக் கட்சியில் வேகமாக மேலே வந்தார் வால்போல். 1710 தேர்தலில் எதிர்க்கட்சியான டோரிகள் ஜெயித்தார்கள். ஜெயித்ததும் பழைய ஃபைல்களைத் தூசு தட்டினார்கள்.

ஸ்காட்லாந்தில் இருந்த ராணுவக் குதிரைகளுக்குத் தீவனம் வாங்கும் கான்ட்ராக்ட் ஒன்று சிக்கியது. அதில் வால்போலின் நண்பர் ஒருவருக்குப் பங்கு வைக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரர்கள் அந்தப் பங்கை விலக்கிக்கொள்ள 500 கின்னி ரொக்கமும் இன்னொரு 500 கின்னிக்கு எழுதிக் கொடுத்த சீட்டும் தந்திருந்தார்கள். பணம் தனக்கு இல்லை, நண்பருக்குத்தான் என்றார் வால்போல். 1712 ஜனவரியில் மக்கள் சபை அவரை ஊழல் குற்றவாளி என்று தீர்மானித்து, சபையிலிருந்து நீக்கி, லண்டன் டவர் சிறைக்கு அனுப்பியது. ஆறு மாதம் உள்ளே இருந்தார்.

இது அரசியல் பழிவாங்கல்தான் என்பதில் பெரிதாகச் சந்தேகம் இல்லை. டோரிகள் கை சுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. விக் தலைவர்கள் சிறைக்கு வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கிங்ஸ் லின் மக்கள் அவர் உள்ளே இருக்கும்போதே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். செல்லாது என்று சபை சொல்லிவிட்டது. 1713 பொதுத் தேர்தலில் திரும்பி வந்துவிட்டார்.

கைக்குக் கை மாறும் பணத்துக்குச் சீட்டு இருக்கும், சாட்சி இருக்கும். சீட்டும் சாட்சியும் இல்லாத வழிகள் என்னென்ன என்பதை மனிதர் சிறையில்தான் யோசித்தாரா என்று நமக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகான அவருடைய அரசியல் முழுக்க அந்த வழிகளில்தான் நடந்தது.

சவுத் சீ: கடன் மசோதாவுக்கு லஞ்சமாகப் பங்கு

1714-இல் முதலாம் ஜார்ஜ் மன்னரானார், விக் கட்சி திரும்ப ஆட்சிக்கு வந்தது. வால்போலுக்கு முதலில் கிடைத்தது படைகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பதவி. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் ராணுவத்துக்கு ஒதுக்கிய பணம் செலவாகும்வரை அந்த அதிகாரி கணக்கில்தான் கிடக்கும். அதைச் சொந்தமாக முதலீடு செய்து லாபம் பார்ப்பது அன்று சட்டவிரோதம் இல்லை. வால்போல் பணக்காரரானது அங்கிருந்துதான். 1715-இல் நிதி அமைச்சர் ஆனார். 1717-இல் கட்சிக்குள் சண்டை போட்டு வெளியேறினார். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது நாடு ஒரு பைத்தியக்காரத்தனத்தின் உச்சத்தில் இருந்தது.

பிரிட்டன் அரசுக்குப் போர்களால் மலைபோலக் கடன். அதில் சுமார் 3.1 கோடி பவுண்டை எடுத்துத் தன் பங்குகளாக மாற்றிக்கொள்கிறேன் என்றது சவுத் சீ கம்பெனி. அதற்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். கம்பெனி என்ன செய்தது? அமைச்சர்கள், எம்.பி.க்கள், மன்னரின் அந்தரங்கத் தோழி வரை பலர் பெயரில் பங்குகளைக் கணக்கில் எழுதிக்கொண்டது. பெயர் எழுதப்பட்டவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. மசோதா நிறைவேறி விலை ஏறியதும் 'விற்று' வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளலாம். ஐ.டி. கம்பெனியில் ஸ்டாக் ஆப்ஷன் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே வித்தியாசம், இங்கே பங்கு கிடைத்தது செய்த வேலைக்கு இல்லை, போடப்போகும் ஓட்டுக்கு. மசோதா தோற்றால் தங்கள் பையில் நஷ்டம் என்ற நிலையில்தான் அந்த எம்.பி.க்கள் நாட்டுக் கடனைப் பற்றி முடிவெடுத்தார்கள்.

1720 ஜனவரியில் 130 பவுண்டை ஒட்டி இருந்த பங்கு, கோடையில் ஆயிரத்தைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. வால்போலும் அந்தப் பங்கில் பணம் போட்டவர்தான். அவருடைய வங்கியாளர் சுதாரித்ததால் பெரிய நஷ்டத்திலிருந்து தப்பினார்.

நாடாளுமன்றம் விசாரணைக் குழு போட்டது. கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட், யார் யாருக்கு எவ்வளவு என்ற விவரத்தோடு நாட்டை விட்டே ஓடிவிட்டார். ஐரோப்பாவில் பிடிபட்டார், ஆனால் திரும்பிக் கொண்டுவரப்படவில்லை. அரசுக்கே அதில் ஆர்வம் இல்லை என்பதுதான் பல வரலாற்றாசிரியர்களின் முடிவு. நிதி அமைச்சர் ஜான் ஐஸ்லபி மாட்டிக்கொண்டார், டவர் சிறைக்குப் போனார். கருவூலத்துறைச் செயலர் சார்லஸ் ஸ்டான்ஹோப் மூன்றே மூன்று ஓட்டில் தப்பித்தார். பிரதான அமைச்சர் சண்டர்லாண்டையும் மன்னரின் ஆட்களையும் காப்பாற்றியது யார் என்று பார்த்தால், வால்போல்.

ஊரார் அவருக்கு 'திரை போடுபவர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அசிங்கத்துக்கு முன்னால் திரை இழுப்பவர் என்று அர்த்தம். நஷ்டப்பட்ட மக்களுக்கு இது அநியாயம். மன்னருக்கோ இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. 1721 ஏப்ரலில் கருவூலத்தின் தலைமைப் பதவியும் நிதி அமைச்சர் பதவியும் சேர்ந்தே வால்போல் கைக்கு வந்தன. 1742 வரை அவர் இறங்கவில்லை.

பணம் எப்படிச் சுற்றியது?

1688 புரட்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் மன்னரால் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது. ராணுவத்துக்கும் கடற்படைக்கும் வருஷா வருஷம் மக்கள் சபை பணம் ஒதுக்க வேண்டும். நில வரியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் ஓட்டு விழவில்லை என்றால் அரசு படுத்துவிடும். அதனால் எந்த அமைச்சருக்கும் முதல் தேவை, 558 பேர் கொண்ட அந்தச் சபையில் மெஜாரிட்டி.

எம்.பி.க்களுக்குச் சம்பளம் கிடையாது (1911-இல்தான் வந்தது). தேர்தல் செலவோ எக்கச்சக்கம். 1716-இல் சபையின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷமாக்கினார்கள். முதலீட்டுக்கு நீண்ட கால வருமானம் கிடைக்கும் என்றதும் சீட்டுக்குப் போட்டியும் செலவும் இன்னும் ஏறின. அப்படிச் செலவழித்து வந்தவருக்கு ஒரு வேலை கிடைத்தால் கசக்குமா?

வேலைகள் நிறைய இருந்தன. அரண்மனையில் பேருக்கு ஒரு பதவி, சுங்கத்துறையில் தம்பிக்கு ஒரு பதவி, ராணுவத்தில் மகனுக்கு ரெஜிமென்ட், சர்ச்சில் மச்சானுக்கு ஆயர் பொறுப்பு. உடையோ உணவோ சப்ளை செய்யும் கான்ட்ராக்ட். ஒன்றும் இல்லாவிட்டால் பென்ஷன். பட்டங்கள் தீர்ந்துபோனபோது, 1725-இல், வழக்கொழிந்து கிடந்த 'பாத்' வீரர் பட்டத்தைத் தூசு தட்டி 36 பேருக்கு சிவப்பு ரிப்பன் கிடைக்க வழி செய்தார் வால்போல். செலவே இல்லாத லஞ்சம்! அரசின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டே சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து? இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. 'சிவில் லிஸ்ட்' என்று மன்னருக்கு ஒரு தொகை தனியாக ஒதுக்கப்படும். ராணுவச் செலவு மாதிரி வருஷா வருஷம் இல்லை, மன்னரின் ஆயுள் முழுமைக்கும் ஒரே முறை ஓட்டு. அரண்மனைச் செலவு, நீதிபதிகள் சம்பளம், தூதர்கள் சம்பளம், பென்ஷன், ரகசியச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். அது மன்னரின் பணம் என்பதால் கணக்கு கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

அதாவது எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டு ஒதுக்குகிறார்கள். பணம் மன்னர் பெயருக்குப் போகிறது. அமைச்சர் கை வழியாக வேலையாக, பென்ஷனாக, ரகசியப் பணமாக எம்.பி.க்களிடமே திரும்பி வருகிறது. அடுத்த வருஷம் அவர்கள் மறுபடி அரசுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். வரி கட்டுபவன் மட்டும்தான் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறான்.

இந்த ஆபத்து அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. 1701-இல் போட்ட ஒரு சட்டத்தில், அரசிடம் சம்பளம் வாங்குபவர் மக்கள் சபையில் உட்காரக் கூடாது என்றே எழுதியிருந்தார்கள். நடைமுறைக்கு வரும் முன்பே அதைத் தளர்த்திவிட்டார்கள். பதவி ஏற்பவர் மறுபடி ஒருமுறை தேர்தலில் நின்று ஜெயித்தால் போதும் என்றானது. சொந்தக்காரத் தொகுதிகளில் அது வெறும் சம்பிரதாயம். நம் அரசியல் சாசனத்தின் 102-ஆவது பிரிவில் 'ஆதாயம் தரும் பதவி' வகிப்பவர் எம்.பி.யாக இருக்க முடியாது என்று இருக்கிறதே, அந்தக் கருத்தின் வேர் இந்தப் பழைய சண்டையில்தான் இருக்கிறது.

புது மன்னருக்கு ஒரு நல்ல ஆஃபர்

1727-இல் முதலாம் ஜார்ஜ் இறந்தார். மகன் இரண்டாம் ஜார்ஜுக்கு அப்பாவையும் பிடிக்காது, அப்பாவின் அமைச்சரையும் பிடிக்காது. செய்தி சொல்ல வந்த வால்போலை ஸ்பென்சர் காம்ப்டன் என்பவரிடம் போய் உத்தரவு வாங்கச் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்தது என்று லண்டனே நினைத்தது. நேற்றுவரை வால்போல் வீட்டில் குவிந்த கூட்டம் காம்ப்டன் வீட்டுக்கு நகர்ந்தது.

காம்ப்டனிடம் இல்லாத ஒன்று வால்போலிடம் இருந்தது. சபையில் எதை நிறைவேற்ற முடியும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். பழைய மன்னருக்கு சிவில் லிஸ்ட் 7 லட்சம் பவுண்டு. புதியவருக்கு 8 லட்சம் என்றார் வால்போல். அதற்கென ஒதுக்கிய வரிகளில் கூடுதல் வசூலானால் அதுவும் மன்னருக்கே, குறைந்தால் நாடாளுமன்றம் ஈடுகட்டும். ராணி கரோலினுக்கு மன்னருக்குப் பின்னும் ஆண்டுக்கு 1 லட்சம். ராணி ஏற்கெனவே வால்போலின் திறமையை அறிந்தவர். சபையில் டோரி உறுப்பினர் ஷிப்பன் போன்ற ஓரிருவர் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் புது மன்னரை ஏன் பகைக்க வேண்டும்? நிறைவேறியது. வால்போலும் பதவியில் நீடித்தார்.

எம்.பி.க்களை வாங்க அரசுப் பணம் பயன்பட்டதைப் பலரும் பேசுவார்கள். மன்னரையே வாங்க எம்.பி.க்களின் ஓட்டு பயன்பட்டது இந்த ஒரு வாரத்தில்தான். இரண்டு வருஷம் கழித்து, வசூல் குறைந்துவிட்டது என்று சொல்லி இன்னொரு 1,15,000 பவுண்டும் சபை தந்தது.

உப்புக்கு வரி, நிலத்துக்குச் சலுகை

ரகசியப் பணம், பதவி இதெல்லாம் சேர்ந்தாலும் சபையில் பாதியைக்கூட வாங்க முடியாது. மீதிப் பேர் கிராமப்புற நிலக்கிழார்கள், யாரிடமும் கை நீட்டாதவர்கள். அவர்கள் ஓட்டு எப்படிக் கிடைத்தது?

வரிச் சலுகையில். போர்க் காலத்தில் நில வரி பவுண்டுக்கு நான்கு ஷில்லிங், அதாவது 20 சதவீதம். வால்போல் போரைத் தவிர்த்துக்கொண்டே போனார், வரியைக் குறைத்துக்கொண்டே போனார். 1732-இல் ஒரு ஷில்லிங் ஆக்கினார், வெறும் 5 சதவீதம். அந்த ஓட்டையை அடைக்க, இரண்டு வருஷம் முன்பு தானே எடுத்த உப்பு வரியை மறுபடி கொண்டுவந்தார். அடுத்த ஆண்டும் ஒரு ஷில்லிங்கே தொடர வேண்டும் என்பதற்காக, தேசியக் கடனை அடைக்க ஒதுக்கிய நிதியிலிருந்து 5 லட்சம் பவுண்டை எடுத்துச் செலவழித்தார். அந்தக் கடன் நிதித் திட்டத்தை 1717-இல் வகுத்ததே அவர்தான்.

நிலம் வைத்திருப்பவர்கள்தான் எம்.பி.யாக முடியும் என்று அப்போது சட்டம். அவர்கள் தங்கள் வரியைக் குறைத்து, உப்பு வாங்கும் கூலிக்காரன் தலையில் ஏற்றினார்கள். இதில் ஒரு காசுகூடக் கைமாறவில்லை. எந்த விசாரணைக் குழுவும் இதை ஊழல் என்று எழுதாது. என்னைக் கேட்டால், வால்போல் கொடுத்ததிலேயே பெரிய விலை இதுதான்.

பை திறந்தது, கூட்டம் கொதித்தது

1733-இல் வந்த திட்டம் உண்மையில் நல்ல திட்டம். புகையிலை, ஒயின் இறக்குமதியில் ஏகப்பட்ட சுங்க மோசடி நடந்தது. துறைமுகத்தில் வரி வாங்குவதை விட்டு, சரக்கைக் கிடங்கில் வைத்து, உள்நாட்டில் விற்பனைக்கு வெளியே எடுக்கும்போது வரி வாங்கலாம் என்றார் வால்போல். வசூல் கூடும், நில வரியை ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்பது கணக்கு.

ஆனால் யாரும் அவரை நம்பவில்லை. இன்று புகையிலை, நாளை ரொட்டி, வீட்டுக்குள் அதிகாரி புகுந்து சோதனை போடுவான் என்று பேச்சு கிளம்பியது. அதைவிட முக்கியம், புதிதாக எத்தனை வரி அதிகாரிகள் நியமிக்கப்படுவார்கள், அவர்கள் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்ற கேள்வி. லண்டன் தெருக்களில் கலாட்டா. தோல் பைக் கிண்டல் வந்ததும் இந்த நேரத்தில்தான். சபையில் முதலில் 61 ஓட்டு வித்தியாசம் இருந்தது. ஒரு மாதத்துக்குள் 17-க்கு இறங்கியது. பதவியில் இருந்தவர்களே கைவிட ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் திட்டத்தைக் கைவிட்டார்.

கைவிட்டவர்களை மட்டும் விடவில்லை. செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் அரண்மனைப் பதவி போனது. கோபம் பிரபுவும் போல்டன் கோமகனும் ரெஜிமென்ட்டை இழந்தார்கள். ஓட்டு மாறினால் சம்பளம் போகும் என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. 1736-இல் இதே வழியில் வேலை போன ஓர் இளம் ராணுவ அதிகாரி, முந்தைய வருஷம் எம்.பி.யான வில்லியம் பிட். அவருடைய தொகுதி ஓல்டு சாரம், வீடுகளே இல்லாத ஒரு மண்மேடு, இரண்டு எம்.பி.க்கள். அதை வாங்கிக் குடும்பச் சொத்தாக்கியவர் தாத்தா தாமஸ் பிட், நம்ம சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்தவர், மதராஸில் வாங்கிய வைரத்தைப் பிரெஞ்சு அரசுக்கு விற்றுப் பெயர் பெற்றவர். வால்போலின் ஊழலைக் கிழித்துத் தொங்கவிட்டவரே சொத்தாக வந்த சீட்டில் உட்கார்ந்துதான் பேசினார். காலம் அப்படி.

ஒரே ஓட்டு

1739-இல் விருப்பம் இல்லாமலே ஸ்பெயினுடன் போருக்குப் போனார் வால்போல். செலவு ஏறியது, நில வரியும் ஏறியது. 1741 பிப்ரவரியில் சாமுவேல் சாண்டிஸ் என்ற உறுப்பினர், வால்போலைப் பதவியிலிருந்து நீக்க மன்னரைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் கொண்டுவந்தார். 290-க்கு 106 என்று தோற்றது. ஆனால் அந்த வருஷத் தேர்தலில் கார்ன்வாலும் ஸ்காட்லாந்தும் கைவிட்டுப் போயின. பட்டத்து இளவரசரே எதிர் முகாமில் இருந்தார். கொடுப்பதற்கு அவரிடமும் நாளைய பதவிகள் இருந்தன. வயதாகும் மன்னரின் அமைச்சரை நம்புவதா, அடுத்த மன்னரை நம்புவதா?

1742 ஜனவரி 28-இல் சிப்பன்ஹாம் தொகுதித் தேர்தல் வழக்கு ஓட்டுக்கு வந்தது. அந்தக் காலத்தில் தேர்தல் வழக்கையும் சபைதான் தீர்மானிக்கும், கட்சி பார்த்துத்தான் தீர்மானிக்கும். அரசுத் தரப்பு ஒரே ஓட்டில் தோற்றது. சில நாளில் அதே விஷயத்தில் 16 ஓட்டில் தோற்றது. வால்போல் ராஜினாமா செய்து, ஆர்ஃபோர்டு பிரபு என்ற பட்டத்தோடு பிரபுக்கள் சபைக்குப் போய்விட்டார்.

வாய் திறக்காத அதிகாரிகள்

கடந்த இருபது வருஷத்தை விசாரிக்க வேண்டும் என்ற தீர்மானம் இரண்டு ஓட்டில் தோற்றது. கடைசிப் பத்து வருஷத்தை மட்டும் விசாரிக்கலாம் என்பது ஏழு ஓட்டில் ஜெயித்தது. 21 பேர் கொண்ட ரகசியக் குழு உட்கார்ந்தது.

குழுவுக்குக் கணக்கில் கிடைத்தவை இரண்டு எண்கள். பத்து வருஷத்தில் ரகசியச் செலவு என்ற தலைப்பில் போனது 14,53,400 பவுண்டு. 1707 முதல் 1717 வரையிலான பத்தாண்டில் இதே தலைப்பில் சுமார் 3,38,000-தான். அடுத்தது, அரசை ஆதரித்து எழுதிய பத்திரிகைகளுக்கும் எழுத்தாளர்களுக்கும் போனது 50,000 பவுண்டுக்கு மேல். (முதல் ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வேறு பல சாதாரணச் செலவுகளும் அந்தத் தலைப்பில் சேர்ந்திருக்கின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள்.)

எவ்வளவு என்பது தெரிந்தது. யாருக்கு? அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். கருவூலத்தின் வழக்கறிஞர் நிக்கோலஸ் பாக்ஸ்டன், தன் வாக்குமூலம் தனக்கே எதிராகும் என்று பதில் சொல்ல மறுத்தார். நியூகேட் சிறையில் போட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை. கருவூலச் செயலர் ஜான் ஸ்க்ரோப், வயதானவர், ரகசியப் பணம் முழுக்க அவர் கை வழியாகத்தான் போனது. மன்னருக்கு மட்டுமே பதில் சொல்வேன், அவர் அனுமதிக்கவில்லை என்று முடித்துக்கொண்டார். சாட்சி சொல்பவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்து பார்த்தது மக்கள் சபை. பிரபுக்கள் சபை தோற்கடித்தது. அதே சபையில் இப்போது ஆர்ஃபோர்டு பிரபுவும் ஓர் உறுப்பினர்.

எம்.பி. ஒருவருக்குக்கூட இவ்வளவு கொடுத்தேன் என்று சொல்லும் சாட்சி கிடைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் லூயிஸ் நேமியர் என்ற வரலாற்றாசிரியர், வால்போலுக்குச் சில ஆண்டுகள் பின்னால் ஆட்சி செய்த நியூகாஸில் கோமகனின் ரகசியக் கணக்கை அலசினார். ரொக்க லஞ்சம் ஊரார் நினைத்த அளவு இல்லை, பெரும்பாலும் நொடித்துப்போன பெரிய குடும்பங்களுக்கான பென்ஷன்தான் என்று காட்டினார். வால்போல் காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கலாம். அப்படியானால் அவர் யோக்கியரா என்று கேட்டால், இல்லை. பதவியாகவும் வரிச் சலுகையாகவும் வெளிச்சத்திலேயே கொடுக்க முடிகிறபோது கவரில் வைத்துக் கொடுக்க என்ன அவசியம்?

எல்லோருக்கும் ஒரு விலை இருக்கிறது என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் சுற்றுகிறது. எதிரணியில் தேசபக்தர் வேஷம் போட்ட சிலரைச் சுட்டித்தான் அவர் அப்படிச் சொன்னார் என்கிறது பழைய குறிப்பு. அந்தச் சிலர் விஷயத்தில் அவர் தப்பாகச் சொல்லிவிடவில்லை. எதிரணித் தலைவர் வில்லியம் புல்ட்னி அதே 1742-இல் பாத் பிரபு பட்டம் வாங்கிக்கொண்டு மேல் சபைக்குப் போனார். நீக்கத் தீர்மானம் கொண்டுவந்த, பதவி வாங்கும் எம்.பி.க்களைத் தடுக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசிவந்த சாண்டிஸ் நிதி அமைச்சரானார். தடுக்கும் சட்டமும் அந்த ஆண்டு வந்தது, சின்னச் சின்ன எழுத்தர் பதவிகளை மட்டும் தொட்டுவிட்டு. மன்னரின் சிவில் லிஸ்ட்டில் நாடாளுமன்றம் உருப்படியாகக் கை வைக்க 1782 வரை, எட்மண்ட் பர்க் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

வால்போல் 1745 மார்ச் 18-இல் லண்டனில் இறந்தார். சிறுநீர்க் கல் அவரைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. இருபது வருஷம் கஜானாவைப் பிடித்திருந்தவர் பல்லாயிரம் பவுண்டு கடன் வைத்துவிட்டுப் போனார். எல்லாம் ஹௌட்டனில் அவர் கட்டிய மாளிகையிலும் வாங்கிக் குவித்த ஓவியங்களிலும் கரைந்திருந்தன. அந்த ஓவியங்களை 1779-இல் பேரன் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றார். பல இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் மியூசியத்தில் தொங்குகின்றன. மூன்று மகன்களுக்கும் அவர் வேறு ஏற்பாடு செய்திருந்தார். மூவருக்கும் ஆயுள் வரை சம்பளம் தரும் வேலைகள், மூன்றுமே கருவூலத்தில்.

வாய் திறக்காத ஸ்க்ரோப்? அரசுகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். அவர் மட்டும் 1752-இல் இறக்கும்வரை அதே கருவூலச் செயலர் நாற்காலியில் இருந்தார்.